தெருவிலிருந்து நகர்மன்றம் வரை: பகுதி சபையை உயிரோடு வைத்திருக்க ஒரு முழு வழிகாட்டி

கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை தெரியும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதிகள்கூட மனப்பாடம். மரத்தடியில் உட்கார்ந்து, "போர்வெல் போட்டதாகக் கணக்கு இருக்கே, போர்வெல் எங்கே?" என்று கேட்க அங்கே ஓர் இடம் இருக்கிறது. நகரத்தில் இருக்கும் நமக்கு அப்படி ஓர் இடம் வெகுகாலம் இல்லை. கவுன்சிலரைத் தெரிந்தவர் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் லாரி வந்தது, தெரியாதவர் குடத்தோடு நின்றார்.

அந்த இடம் இப்போது சட்டப்படி இருக்கிறது. பெயர் பகுதி சபை. ஏரியா சபை என்றும் சொல்கிறார்கள். இருப்பது பலருக்குத் தெரியாததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எங்கள் ஊர் ஒரு நடுத்தர நகராட்சி. எங்கள் தெருவில் சில வருடங்களாக நாங்கள் செய்துபார்த்ததையும், தவறிய இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் சட்டம்

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் அடித்தளம். நகர உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் என்று அது உறுதி செய்தது. சாலை, குடிநீர், துப்புரவு, நகர்த் திட்டமிடல் உட்பட 18 பொறுப்புகளை 12-வது அட்டவணையில் பட்டியலிட்டது. 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள ஊர்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2010-ல் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் வந்தது 2022-ல். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்கள் தொடங்கின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

அமைப்பு எளிது. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லாரும் அந்தச் சபையின் உறுப்பினர்கள். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் நியமிக்கப்பட்டு வார்டு குழுவில் உட்காருகிறார், குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். சென்னையில் 200 வார்டுகள், வார்டுக்குப் பத்துப் பகுதிகள். சிறிய ஊர்களில் எண்ணிக்கை குறையும். நியமிப்பது என்பதுதான் இதில் பலவீனமான இடம். கவுன்சிலரின் ஆட்களாலேயே குழு நிரம்பிவிடக்கூடும். ஆனால் சபையில் வந்து பேசும் உரிமைக்கு யாருடைய நியமனமும் தேவையில்லை.

படி 1: உங்கள் வார்டைக் கண்டுபிடியுங்கள்

சிரிக்க வேண்டாம், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வார்டு எண் தெரியவில்லை. வார்டு மறுவரையறைக்குப் பிறகு பழைய எண்ணையே பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொத்து வரி ரசீதிலும் வாக்காளர் பட்டியலிலும் எண் இருக்கும். அதன்பின் நகராட்சி அலுவலகத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: உங்கள் பகுதி சபையின் எல்லை எது, அதிலிருந்து வார்டு குழுவுக்கு நியமிக்கப்பட்டவர் யார், அடுத்த கூட்டம் எப்போது. வாய்மொழியாகக் கேட்டுப் பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களின் ஓட்டு பெரும்பாலும் பழைய முகவரியில் கிடக்கும். படிவம் 8 கொடுத்து மாற்றிவிடலாம். எங்கள் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்காகவே மேஜை போட்டு உட்கார்ந்தோம். அன்று வந்தவர்களில் சிலர்தான் இன்று எங்கள் குழுவின் முதுகெலும்பு.

படி 2: தெருவை நடந்து பாருங்கள், எழுதிக்கொள்ளுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு மாதம் கொடுங்கள். அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே ஆட்டம் காணும்.

தேவையானவை: நூறு பக்க நோட்டு, அளவு நாடா, சாக்பீஸ், ஒரு செல்போன். காலை ஆறரைக்கு ஒரு நடை, இரவு எட்டரைக்கு ஒரு நடை. இரவு நடை தெருவிளக்குக்கு. ஒவ்வொரு கம்பத்திலும் ஓர் எண் எழுதியிருக்கும், எரியாத கம்பத்தின் எண்ணைக் குறியுங்கள். "எங்க தெருவில் லைட்டே எரியறதில்ல" என்ற புகாருக்கும், "17, 19, 22 எண் கம்பங்கள் 11 நாளாக எரியவில்லை" என்ற புகாருக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு.

மழை முடிந்த மறுநாள் காலை கட்டாயம் நடக்க வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். காய்வதற்குள் அதை அளந்து, வீட்டு எண்ணோடு எழுதிவையுங்கள். நாங்கள் அளந்தபோது தெருவின் ஒரு முனையில் 9 சென்டிமீட்டர், மறுமுனையில் 41. கோயில் பக்கம் தாழ்வாக இருப்பதால் அங்கே வடிகால் கட்டினால் போதும் என்று முடிவு செய்து மனுவும் எழுதிவிட்டோம். மனுவில் கையெழுத்து வாங்கப் போனபோதுதான், முனையில் பூக்கட்டி விற்கும் அக்கா நிறுத்தினார். "தம்பி, தண்ணி கோயில் பக்கம் வந்து நிக்குது, சரி. அது எங்கேருந்து வருதுன்னு பார்த்தீங்களா? மேட்டுத் தெரு வாய்க்கால அடைச்சு ரோடு போட்டாங்கல்ல, அன்னிலேருந்துதான் இந்தக் கூத்து."

போய்ப் பார்த்தோம். தார்ச்சாலை போட்டபோது வடிகால் வாயில் இருக்கும் கம்பிவலைகளின் மேலேயே தாரை ஊற்றியிருந்தார்கள். தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து ஒன்பது இடங்களைக் கண்டுபிடித்தோம். புது வடிகாலே தேவையில்லை, மூடியதைத் திறந்தால் போதும். இருபது வருடமாக அதே இடத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்தவர் அவர். எங்கள் நோட்டில் அவர் சொன்னது அதுவரை இல்லை.

படி 3: எது யாருடையது?

நகரத்தில் பாதிப் புகார்கள் தவறான கதவைத் தட்டியே செத்துப்போகின்றன. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாயும் குடிநீரும் 1978-ல் உருவான சென்னைக் குடிநீர் வாரியத்துடையவை. இரண்டும் ஒரே தெருவில், சில இடங்களில் ஒன்றுக்குள் ஒன்று கலந்தும் ஓடும். மற்ற ஊர்களில் குடிநீர் விநியோகம் பெரும்பாலும் நகராட்சியின் கையில். ஊருக்குள் வரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், அதன் பள்ளத்துக்கு நகராட்சியைத் திட்டிப் பயனில்லை. ஏரி பல இடங்களில் நீர்வளத் துறையுடையது. மின்பெட்டி மின்வாரியத்துடையது, தெருவிளக்கு நகராட்சியுடையது.

ஒரு பெரிய தாளில் தெருவை வரைந்து, ஒவ்வொரு துறைக்கும் ஒரு வண்ணம் கொடுங்கள். உதவிப் பொறியாளர், துப்புரவு ஆய்வாளர், வரி வசூலிப்பவர் என்று உங்கள் வார்டைப் பார்க்கும் அலுவலர்களின் பதவிகளை ஓரத்தில் எழுதுங்கள். பெயரை எழுதாதீர்கள், ஆள் மாறிக்கொண்டே இருப்பார். எங்கள் வரைபடம் ஒரு டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதில் விரலை வைத்து, நாங்கள் குறிக்க மறந்ததைச் சொல்வார்கள்.

படி 4: ஆள் சேர்ப்பது

குடியிருப்போர் நலச்சங்கம் ஏற்கெனவே இருந்தால் நல்லது. ஆனால் சங்கத்தைக் கவனமாகப் பாருங்கள். சொந்த வீடு உள்ள, ஓய்வுபெற்ற ஆண்கள் மட்டும் இருந்தால் அது தெருவின் ஒரு சிறு பகுதிதான். வாடகைக் குடும்பங்கள், வீட்டுவேலைக்கு வரும் பெண்கள், தள்ளுவண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, குடிசைப் பகுதி, சக்கர நாற்காலியில் வருபவர் எல்லாருமே இந்தத் தெருவை உபயோகிப்பவர்கள்.

கூட்ட நேரமே பாதியைத் தீர்மானிக்கிறது. ஞாயிறு காலை பத்து மணி என்றால் சமைக்கும் பெண்கள் வரமாட்டார்கள். நாங்கள் மாலை ஐந்துக்கு மாற்றினோம், பெண்கள் எண்ணிக்கை கூடியது. இடமும் முக்கியம். ஒரு சாதியின் மண்டபத்திலோ, ஒரு கட்சிக்காரர் வீட்டு மாடியிலோ வைத்தால் வராதவர்கள் வராமலே இருப்பார்கள். பள்ளி வளாகம், நூலகம், பூங்கா போன்ற பொது இடங்களே நல்லவை.

தூய்மைப் பணியாளர்களைத் தவறாமல் அழையுங்கள். எந்த வீட்டில் குப்பை பிரிக்கிறார்கள், எந்தக் கடை இரவில் கொண்டுவந்து கொட்டுகிறது, வண்டிக்கு எங்கே சக்கரம் உடைந்திருக்கிறது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். 1989-ல் சென்னையில் எம்.பி. நிர்மல் என்பவர் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற அமைப்பு, தெருவாசிகள் மாதாமாதம் பணம் போட்டு வீட்டு வாசலிலேயே குப்பை எடுக்கும் முறையைப் பல தெருக்களில் நடத்திக் காட்டியது. அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்காமல் தெரு தானே ஒன்றைச் செய்துகாட்டலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆனால் குப்பை எடுப்பது நகராட்சியின் கடமை என்பதையும் மறந்துவிடக் கூடாது. நாம் செய்வது பிரித்துக் கொடுப்பது. அது திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒவ்வொரு வீட்டுக்கும் வைத்த கடமை.

படி 5: காகிதம் கேளுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரியாகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

பலர் தவறுவது கேள்வியில். "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. இந்தச் சட்டம் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத் தரும், விளக்கம் தராது. எனவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் மனு இப்படி இருந்தது:

"மேற்படி தெருவில் கடைசியாகத் தார்ச்சாலை போடப்பட்ட பணிக்கான மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தில் அப்பணி தொடர்பான பக்கங்களின் நகல், ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்புக் காலத்தைக் காட்டும் ஆவணத்தின் நகல் ஆகியவற்றை வழங்கக் கோருகிறேன்."

அளவுப் புத்தகம்தான் தங்கம். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம், எப்போது அளந்தார்கள் எல்லாம் அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாடாவோடு தெருவில் இறங்கினால் கேள்விகள் தானாக வரும். பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட இந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது.

எங்கள் முதல் மனுவுக்கு முப்பது நாள் கழித்தும் பதில் இல்லை. மேல்முறையீடு செய்த பிறகு வந்த பதிலில் இரண்டு பக்கம் குறைந்தது. கோபம் வந்தது உண்மை. ஆனால் அலுவலகத்தில் சத்தம் போடாமல், குறைந்த பக்கங்களின் எண்ணை எழுதி மறுபடியும் கேட்டோம். வந்தது. பணி முடிந்து இன்னும் பராமரிப்புக் காலம் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பக்கங்களில்தான் தெரிந்தது. மூடிய கம்பிவலைகளை ஒப்பந்ததாரரே தன் செலவில் திறந்துதர வேண்டும் என்று கேட்க எங்களுக்குப் பிடி கிடைத்தது.

படி 6: சபையில் எப்படிப் பேசுவது

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் உட்கார்ந்து கோரிக்கைகளை மூன்றாகக் குறையுங்கள். இருபது கோரிக்கை கொண்டுபோனால் அலுவலர் எளிதான இரண்டைச் செய்துவிட்டு மிச்சத்தை மறந்துவிடுவார். மூன்றில் ஒன்று ஒரே வாரத்தில் முடியக்கூடியதாக இருக்கட்டும், அதைச் செய்தால் அவர்களை மனதாரப் பாராட்டுங்கள். இரண்டாவது சில மாத வேலை. மூன்றாவது பட்ஜெட்டில் ஏற வேண்டிய பெரிய வேலை.

ஒரு பக்கத் தாளில் எழுதுங்கள்: பிரச்சினை, எங்கே, எத்தனை வீடு, எந்தத் துறை, என்ன கேட்கிறோம். புகைப்படம் ஒன்று. பேசுவதற்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். மூடிய வடிகால் பற்றி எங்கள் சபையில் பேசியது அந்தப் பூக்கடை அக்காதான். நாங்கள் எழுதிக்கொடுத்த தாளை மடித்து முந்தானையில் முடிந்துவிட்டு, தண்ணீர் வரும் திசையைக் கையாலேயே காட்டிப் பேசினார். பொறியாளர் எழுந்து, "நாளைக்குக் காலையில வந்து காட்டுங்கம்மா" என்றார்.

சாலை பற்றிப் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதால்தான் பல ஊர்களில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்துபோகிறது. சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். "மில்லிங் செய்துதான் போட வேண்டும்" என்ற ஒரு வரி உங்கள் கோரிக்கையில் இருக்கட்டும்.

கூட்டம் முடியும் முன் கூட்டப் பதிவேட்டில் உங்கள் கோரிக்கை தீர்மானமாக ஏறியதா என்று பாருங்கள். வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். "பரிசீலிக்கப்படும்" என்றிருந்தால், யார், எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறாத பேச்சைப் பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது.

படி 7: பட்ஜெட் நாட்காட்டி

நகராட்சிக்கும் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பட்ஜெட் மன்றத்துக்கு வருவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். அந்த நேரத்தில் போய்க் கேட்பது, சமைத்து இறக்கிய பிறகு உப்புப் போடச் சொல்வது மாதிரி. உங்கள் பெரிய கோரிக்கை நவம்பர், டிசம்பரிலேயே வார்டு குழுவின் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். மக்கள் பங்களிப்போடு செய்யும் நமக்கு நாமே திட்டத்திலும் சில வேலைகளைக் கேட்கலாம். பூங்கா, நீர்நிலை போன்றவற்றுக்கு அது நல்ல வழி. ஆனால் வசதியுள்ள தெருவே பணம் போட்டு முந்திவிடும் ஆபத்து அதில் இருப்பதால், குடிசைப் பகுதியின் வேலைக்குப் பக்கத்துத் தெருக்கள் சேர்ந்து பங்கு போட்டால் சிறப்பு.

மக்களே பட்ஜெட்டைத் தீர்மானிப்பது நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-ல் அதைத் தொடங்கியது. பக்கத்துக் கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் என்று திட்டநிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்து, வார்டு அளவில் மக்களைக் கூட்டித் திட்டம் போட வைத்தார்கள். இரண்டிலும் பணம் உண்மையாகவே கீழே வந்தது, அதனால்தான் ஜனங்களும் வந்தார்கள். நம்முடைய பகுதி சபைக்கென்று தனியாக நிதி ஒதுக்கக் கேட்பது அடுத்த கட்டமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 8: தலைவர்களை வளர்ப்பது

இதைக் கடைசியில் வைத்தாலும் முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியது. எங்கள் குழுவில் ஆரம்பத்தில் எல்லா மனுவையும் எழுதியவர் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போன நான்கு மாதம் குழுவே நின்றுவிட்டது. மனுக்களின் நகல் எங்கே இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு வைத்த வழக்கங்கள் இவை. கூட்டத்துக்குத் தலைமை மாதாமாதம் மாறும். ஒரு மனுவை இருவர் சேர்ந்துதான் எழுத வேண்டும், ஒருவர் புதியவர். அலுவலகத்துக்குத் தனியாக யாரும் போகக் கூடாது. கணக்கு ஐம்பது ரூபாய் என்றாலும் டீக்கடைச் சுவரில் ஒட்டப்படும். வாட்ஸ்அப் குழுவில் புகாரும் தேதியும் மட்டும். காலை வணக்கமும் கட்சிச் செய்தியும் கிடையாது.

நகராட்சி பட்ஜெட் புத்தகத்தைச் சேர்ந்து படிக்கும் வழக்கமும் வைத்தோம். முதல் நாள் ஒரே ஒரு கேள்வி: போன வருடம் நம் ஊர் சொத்து வரியாக எவ்வளவு வசூலித்தது, துப்புரவுக்கு எவ்வளவு செலவு செய்தது? இரண்டு எண்ணையும் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. மூன்றாவது கூட்டத்தில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணொருத்தி பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தாள்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. சில இடங்களில் கவுன்சிலர் பெயர் பலகையில் இருக்கும், கூட்டத்துக்குக் கணவர் வருவார். புகாரை அவரிடம் சொல்வதை நாம்தான் நிறுத்த வேண்டும். "கவுன்சிலர் அம்மாவைப் பார்க்கணும்" என்று கேட்டு, அவரிடமே மனுவைக் கொடுத்து, அவர் மன்றத்தில் பேச வேண்டிய எண்களை எழுதிக்கொடுங்கள். நாம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு பக்கத்தாள் அவருக்கும் பலம்.

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை ஐந்து வருடத்துக்கும் மேலாக நம் நகரங்களில் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அப்படி ஓர் இடைவெளி வந்தாலும் தெருவின் நோட்டு நிற்கக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவு பேரைப் பழக்குவது. பழகியவர்களில் ஒருவர் நாளை தேர்தலில் நின்றால் சந்தோஷம். நின்றதும் குழுப் பொறுப்பிலிருந்து விலகிவிட வேண்டும் என்பது எங்கள் விதி.

எங்கள் நோட்டு இப்போது மூன்றாவது. ஒன்பது கம்பிவலைகளில் ஏழு திறந்துவிட்டார்கள். மீதி இரண்டும் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமான முனையில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கான மனுவை இந்த வாரம் அந்தப் பிளஸ் டூ பெண்ணும், புதிதாகக் குடிவந்த தையல்காரர் ஒருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.